இசுமோ தைஷா ஆலயத்தைப் பார்க்க வழிகாட்டுதல் தேவை

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் இலையுதிர் காலத்தில் ஜப்பானின் ஷிமானே மாகாணத்திலுள்ள இசுமோ தைஷா என்னும் ஷிண்டோ (ஜப்பானின் மரபுச் சமயம்) ஆலயத்துக்குச் செல்லவிருக்கிறேன். இப்போதுள்ள முதன்மைக் கட்டடம் 1744-இல் எழுப்பப்பட்டது; 24 மீட்டர் உயரமுள்ளது. மரக் கட்டடக்கலையில் ஈடுபாடுள்ள எனக்கு அதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பொதுவாக வழிபட வருவோர் முதன்மைக் கட்டடத்துக்குள் செல்ல முடியாது. சுற்றுவேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஹினோக்கி மரப்பட்டைகளை அடுக்கடுக்காக வேய்ந்த கூரையின் தடித்த விளிம்பும், முகட்டின் இரு முனைகளிலும் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் மரங்களும், முகப்பின் நடுவில் அமையாமல் வலப்புறம் ஒதுங்கியிருக்கும் வாசலும் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேர வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும் என்று நேரில் கண்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். தொலைநோக்கி எடுத்துச் செல்வது பயனளிக்குமா?

2000-ஆம் ஆண்டில் ஆலய வளாகத்தில் நடந்த அகழாய்வில், மூன்று பெரிய சுகி மரங்களைச் சேர்த்துக் கட்டிய, ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள தூணின் அடிப்பகுதி கிடைத்தது. பழைய ஆலயம் இன்றையதைவிட மிக உயரமாக இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்த சான்று அது என்பதால், ஆலயத்தை அடுத்துள்ள அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்பதையும் தெரிவியுங்கள்.

ஜப்பானியத் தெய்வங்கள் எல்லாம் இசுமோவில் கூடுவதாக நம்பப்படும் பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதத்தைத் தவிர்ப்பது நல்லதா, அல்லது கூட்டம் இருந்தாலும் அப்போதே செல்லலாமா? தேதியை முடிவு செய்யும் முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.