பொம்மைக்குப் பட்டுப்பாவாடை: ஓரம் பிரியாமல் தைப்பது எப்படி?

தையல் தெரிந்த அக்கா, தங்கச்சிமார்களுக்கு வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்குத் துணிப் பொம்மைகள் செய்கிறேன்: பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி, வேட்டி ஜிப்பா போட்ட பையன், முறுக்குத் தட்டோடு பாட்டி. நம் பிள்ளைகளின் நிறத்தில் பொம்மை வேண்டும் என்பதற்காகவே மாநிறக் காட்டன் தேடி வாங்கினேன். உடம்பு அழகாக வந்துவிட்டது.

சிக்கல் உடையில்தான். அம்மாவின் பழைய பட்டுச் சேலையை வெட்டினால், ஓரம் உடனே நூல் நூலாகப் பிரிகிறது. பெரிய துணி என்றால் இரண்டு மடிப்பாக மடித்து அடித்துவிடலாம். ஒரு முழம்கூட இல்லாத பொம்மைக்கு அப்படி மடித்தால் இடுப்பு தடித்துப்போகிறது. பின்பக்கம் மெல்லிய ஒட்டுக் கான்வாஸ் வைத்து இஸ்திரி போட்டால் பிரிவது நிற்கிறது, ஆனால் கொசுவம் விழாமல் விறைத்துக்கொள்கிறது. பாட்டி சேலைக்கு அது கூடவே கூடாது, முந்தானை தழைய வேண்டும்.

நீங்கள் ஓரத்துக்கு என்ன செய்கிறீர்கள்? பட்டில் கறை விடாத பசை ஏதும் உண்டா?

சேலைக்கரையும் பொம்மைக்கு ரொம்ப அகலம். அரை அங்குலத்துக்கும் குறைந்த ஜரிகை லேஸ் இங்கே லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் மீட்டர் கணக்கில் கிடைக்குமா? கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள், அங்கே போகும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்வேன்.

பொம்மைப் பாவாடை தைத்தவர்கள் படம் போட்டால், தயவுசெய்து உள்பக்கத்தையும் காட்டுங்கள். உள்தையலைப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும்.