பிரிட்ஜ்ல ஏஸ் லீடுக்கு ஆட்டிட்யூடா, கவுண்ட்டா?

பார்ட்னரோட 6 மாசமா ஆடுறேன், சென்னை, டூப்ளிகேட் பிரிட்ஜ் (எல்லா மேஜைக்கும் அதே கார்டுகள்), ஸ்டாண்டர்டு சிக்னல் (பெரிய கார்டு போட்டா, ஆட்டிட்யூட்ல 'இந்த சூட்டையே ஆடு', கவுண்ட்ல 'என்கிட்ட இரட்டைப்படை கார்டு'), ஏகே (ஏஸ்-கிங்) இருந்தா ஏஸ் லீடு (முதல் கார்டு). டிஃபென்ஸ்ல (எதிர் ஜோடியோட கான்ட்ராக்டைத் தடுக்குறப்போ) மட்டும் ஓயாம இடிக்குது.

நேத்து எதிர் ஜோடி 4 ஸ்பேட் கான்ட்ராக்ட். பார்ட்னர் ஹார்ட் ஏஸ் போட்டார், டம்மில (மேஜையில திறந்து வச்ச கையில) க்யூ-7-4, என்கிட்ட 9-8-5-2. நாலு கார்டுன்னு சொல்ல 8 போட்டேன், அவரு அத டபுள்டன் (ரெண்டே கார்டு), ரஃப் (துருப்பால வெட்டுறது) வேணும்னு எடுத்துக்கிட்டு கிங்கும் அடிச்சு மூணாவது ரவுண்டும் ஆடிட்டார், கிளப்புக்கு மாற வேண்டிய நேரம் போச்சு, கான்ட்ராக்ட் மேக்.

அப்சைட்-டவுன் (தலைகீழ் சிக்னல், சின்ன கார்டுக்கு அந்த அர்த்தம்) ரெண்டு வாரம் ட்ரை பண்ணோம், அதுலயும் இதே குழப்பம்தான் (நாலு கார்டு வந்தா எந்த முறையும் இப்படித்தான் போல). ஏஸ்னா ஆட்டிட்யூட், கிங்னா கவுண்ட்டுன்னும் வச்சுப் பாத்தோம், கேக்யூ (கிங்-க்யூ) இருந்தாலும் கிங் லீடு வர்றதால ரெண்டு பேருமே குழம்பிட்டோம்.

டம்மில க்யூ தெரியும்போது ஏஸ் லீடுக்கு நீங்க என்ன சிக்னல் குடுக்குறீங்க?