புதுப்பிப்பு: எங்க குறட்டைப் பூனைய டாக்டர்ட்ட காட்டியாச்சு

போன மாசம், எங்க சுண்டன் ராவெல்லாம் குறட்டை விடுறான் இது நோயா பழக்கமான்னு கேட்டிருந்தேன்ல, ஹட்டன்ல மிருக டாக்டர்ட்ட கொண்டு போனேன். பஸ்லயே அட்டைப்பெட்டிக்குள்ள தூங்கி குறட்டைய ஆரம்பிச்சிட்டான், பக்கத்து சீட்டு அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறி பாக்குறாங்க, எனக்கு வெக்கமா போச்சு.

மூக்கு, தொண்டை எல்லாம் பாத்துட்டு கட்டி ஒண்ணும் இல்ல, சளியும் இல்ல, எடைதான் கூடன்னாங்க. 6.8 கிலோ! நாட்டுப் பூனைக்கு 4, 5 கிலோவே தாராளமாம், கழுத்துல கொழுப்பு சேந்தா மூச்சு போற வழி நெருங்கிருமாம்.

குற்றவாளி எங்க அம்மாயிதான். விடிய ரொட்டி சுடுறப்போ அடுப்புக்கிட்ட சாக்குல படுத்திருக்கிறவனுக்கு பொரிச்ச நெத்தலி ஒரு பிடி, நான் வேலைக்கு போனதும் இன்னொரு பிடி. கேட்டா "வாயில்லா சீவன்டா" ங்குது. (வாய் இல்லாமலா இந்த சத்தம்?)

தூங்குறப்போ நிமிஷத்துக்கு 30 மூச்சுக்கு மேல போனா, இல்ல வாயத் தொறந்து மூச்சு வாங்குனா உடனே கொண்டு வரச் சொன்னாங்க. நேத்து டார்ச் அடிச்சு எண்ணினேன், 22. சாப்பாடு இப்ப அளந்துதான், அதுவும் மெதுவாத்தான் குறைக்கணுமாம், பூனைய ஒரேயடியா பட்டினி போட்டா ஈரல் கெட்டுரும்.

குறட்டை இன்னும் நிக்கல. குளிருக்கு என் கம்பளிக்குள்ளதான் கெடக்கான்.