கோவையில் அலுவலகக் கட்டடம்: சூளைச் செங்கல் வேண்டாமென்றால் சுவருக்கு எது?

நொய்யல்கரை:
வணக்கம் நண்பர்களே. சரவணம்பட்டி பக்கம் தரைத்தளமும் ஒரு மாடியுமாக ஒரு அலுவலகம் வரைந்துகொண்டிருக்கிறேன். சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவாக இருக்கட்டும் என்று உரிமையாளரே கேட்கிறார், அதுவரை சந்தோஷம். ஆனால் முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட படம் ஒன்றையும் கூடவே அனுப்பியிருக்கிறார். சூளைச் செங்கல் வேண்டாம் என்பதில் நான் உறுதி. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை எப்படித் தோண்டினார்கள் என்று நம் ஊருக்கே தெரியும், 2021-ல் அங்கே அனுமதியில்லாத சூளைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆக, ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கல்லா, ஏஏசி பிளாக்கா (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள இலேசான கான்கிரீட் கல்), மண்ணை மெஷினில் அழுத்திச் செய்யும் கல்லா? மூன்றையும் விற்பவர்கள் பசுமை என்றுதான் சொல்கிறார்கள். தரைக்கும் உள்வேலைக்கும்கூட யோசனை சொன்னால் நல்லது.

தூக்குக்குண்டு:
தம்பி, முதலில் கண்ணாடியைப் பேசி முடியுங்கள், சுவர் அப்புறம். மேற்கே பார்த்துக் கண்ணாடியை நிறுத்திவிட்டால் மற்ற சுவரில் எந்தக் கல்லை வைத்தாலும் ஏசி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. அந்தக் காற்று உள்ளே வர அந்தப் பக்கம் ஆழமான சன்ஷேடு வைத்துச் சின்ன ஜன்னல்கள் போதும், வெளிச்சத்துக்கு வடக்கே பெரிதாகத் திறந்துவிடுங்கள்.

சுவருக்கு என் ஓட்டு ஃப்ளை ஆஷ் கல்லுக்குத்தான். மேட்டூர் மாதிரி அனல்மின் நிலையங்களில் சாம்பல் மலையாகக் குவிந்துகொண்டே இருக்கிறது, அதைக் கல்லாக்கினால் சுட வேண்டியதும் இல்லை, மேல்மண்ணும் போகாது. ஆனால் பட்டறைக்குப் பட்டறை தரம் ஏகத்துக்கும் மாறும். காய்ந்த கல் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை ஏறினால் அந்த லோடே வேண்டாம். சரியாகப் பதமாகாத புதுக்கல்லை வைத்துக் கட்டினாலும் பிறகு சுருங்கி விரிசல் விடும்.

இன்னொன்று, ராட் டிராப் (எலிப்பொறி) கட்டு யோசியுங்கள். கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து நடுவில் காற்றுக்கு இடம் விட்டுக் கட்டுவது. 9 அங்குலச் சுவரில் கல் கால்வாசி மிச்சம், கலவையும் குறையும், வெயில் சூடும் உள்ளே சீக்கிரம் இறங்காது. ஃப்ளை ஆஷ் கல் மெஷினில் ஒரே அளவில் வருவதால் இதற்குத் தோதானது. கொத்தனாருக்குப் பழக்கமில்லை என்றால் முதலில் காம்பவுண்டுச் சுவரில் கட்டிப் பழகட்டும்.

ஏஏசி கெட்டதில்லை. கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோதான், அதனால் பல மாடிக் கட்டடத்தில் பாரம் குறைந்து கம்பியும் குறையும். உங்கள் இரண்டு தளத்துக்கு அந்த லாபம் பெரிதாக வராது.

கண்டாங்கி:
அண்ணன் சுவரைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் இன்டீரியர் வேலையில் இருப்பவள், அதைச் சொல்கிறேன். சுவர் ஐம்பது வருஷம் நிற்கும். தடுப்பும் மரவேலையும் பால்ஸ் சீலிங்கும் அடுத்த வாடகைக்காரர் வந்ததுமே லாரி ஏறிவிடும். நான் வேலை பார்த்த ஒரு மாடியில், கீறல்கூட விழாத ஜிப்சம் தடுப்புகளைச் சம்மட்டியால் அடித்துத் தூளாக்கி மூட்டை கட்டினார்கள். வயிறெரிந்தது. அதனால் தடுப்பு எதுவானாலும் ஸ்குரூவில் கழற்றி வேறு இடத்தில் மாட்டுகிற மாதிரி செய்யுங்கள், பால்ஸ் சீலிங் அவசியமில்லாத இடத்தில் போடவே வேண்டாம். பிளைவுட் வாங்கும்போது இ0 அல்லது இ1 தரம்தானா (பசை வாயு குறைவாக வெளிவிடும் தரம்) என்று கேளுங்கள். புது அறையில் கண் எரிகிறதே, அது பெரும்பாலும் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு. மேசைக்கு ரப்பர் மரம் நல்லது, பால் வற்றி எப்படியும் வெட்டுகிற மரம்தான்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள், சூளையே கிடையாது. ஆனால் ஆசிட் ஊற்றித் துடைத்தால் நிறம் போய்விடும், இதைத் துப்புரவுப் பணியாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வரவேற்பறைக்கு அது போதும். மற்ற இடங்களுக்குக் கிரானைட் பட்டறைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், மலிவாகக் கிடைக்கும்.

ஜல்லிக்கணக்கு:
எல்லோரும் சுவரிலேயே நிற்கிறீர்களே. இந்தக் கட்டடத்தால் காற்றில் கார்பன் அதிகம் கலப்பது தளம், பீம், தூண் இவற்றின் சிமெண்டிலும் கம்பியிலும்தான். தூணே தெரியாத ஹால் கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். தூண்களை 5, 6 மீட்டருக்குள் வைத்தால் பீம் ஆழமும் கம்பியும் நன்றாகவே குறையும். ஓபிசிக்குப் (சாதாரண சிமெண்ட்) பதில் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் எழுதுங்கள், அதில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம். பலம் கொஞ்சம் மெதுவாக ஏறும் என்பதால் தண்ணீர் ஊற்றுவதை 7 நாளில் நிறுத்தாமல் 10 நாளாவது, முடிந்தால் 14 நாள் தொடரச் சொல்லுங்கள்.

மேல்தளத்துக்கு ஃபில்லர் ஸ்லாப் போடலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறைதான். தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி, அங்கே கான்கிரீட் சும்மா கனமாகத்தான் இருக்கிறது, அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிடுவார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைபடம் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றி. தூண் இடைவெளியை 8 மீட்டர் என்று வைத்திருந்தேன், குறைத்துப் பார்க்கிறேன். அண்ணா, மண் கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? தண்ணீர்த் தொட்டிக்கும் அஸ்திவாரத்துக்கும் தோண்டும்போது நிறையச் செம்மண் வரும்.

தூக்குக்குண்டு:
உங்கள் குழியில் வரும் மண் என்றால் தாராளமாகச் செய்யலாம் தம்பி. வெளியே லோடு வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் வேண்டாம், அதுவும் இன்னொரு தடாகத்தைத் தோண்டுவதுதான். மேலே ஒரு அடி வேர்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, கீழ்மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மறுநாள் அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று பிரிந்து நிற்கும். ஆரோவில்லில் சொல்கிற கணக்கு: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். களி அதிகமானால் எம் சாண்ட் கலந்து சரிசெய்யலாம், கரிசல் கலந்திருந்தால் விட்டுவிடுங்கள். சிமெண்ட் 5 சதவீதம் போதும், நாலு வாரம் ஈரம் காக்க வேண்டும், அதற்கு நிழலான இடமும் தண்ணீரும் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.