சொட்டு மருந்து விட்டும் தெள்ளு திரும்பி வருகிறது: மருந்து சரியில்லையா?

கேட்டவர்: வாசற்படி

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவள் மிளகு, நீள முடிக்காரி. பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு, இரவில் என் கட்டிலில் வந்து படுத்துக்கொள்வாள். இளையவன் உப்பு வாசலைத் தாண்டமாட்டான்.

சென்ற மாதம் மிளகுக்கு வாலடியில் முடி கொட்டியது. மருத்துவர் தந்த சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டதும் சொறிவது நின்றது. இப்போது மறுபடியும் தெள்ளு தாவுவதைக் கண்ணாலேயே பார்க்கிறேன். மருந்து கெட்டுப்போனதா, அல்லது தெள்ளுக்கு அது பழகிவிட்டதா? பக்கத்து வீட்டுக்காரர் தம் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, பாதி அளவு விட்டால் போதும் என்கிறார். விடலாமா?

இன்னொன்று: அவளுடைய முன்னங்கால் இடுக்கில் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுக் குளிப்பாட்டினால் தெள்ளும் சேர்ந்து போய்விடாதா?

பதில்: தோட்டத்துநிழல்

இரசாயனமே வேண்டாம். சாப்பாட்டில் கொஞ்சம் பூண்டு கலந்து கொடுங்கள், முடியில் தேயிலை மர எண்ணெய் தடவுங்கள். இயற்கை வழியே பாதுகாப்பானது.

பதில்: கடுவன்வீடு

வாசற்படி, முதலில் அந்த நாய் மருந்து. வேண்டாம். பாதியும் வேண்டாம், ஒரு துளியும் வேண்டாம். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு என்று தொடங்கி உயிரே போய்விடலாம். அந்த நாய்க்கு மருந்து விட்ட அன்று மிளகு அதன்மேல் உரசிக்கொண்டு படுப்பதும் ஆபத்துதான். பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோட்டத்துநிழல் கோபித்துக்கொள்ள வேண்டாம். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். தேயிலை மர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. தோலில் தடவினால் உள்ளே இறங்கும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். செடியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பொருள் சாதுவாகிவிடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருந்து கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பூனையைப் பார்க்கிறீர்கள். தெள்ளோ உங்கள் வீட்டில் இருக்கிறது. மேலே ஓடும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கட்டிலிலும் கம்பளத்திலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை முடியில் ஒட்டிக்கொள்வதில்லை, பூனை படுக்கும் இடத்தில் எல்லாம் உதிரும். அதாவது, உங்கள் கட்டிலில்.

புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. துணியின் அடிப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். வளர்ந்த தெள்ளின் எச்சம் உலர்ந்த இரத்தம், அதுவும் முட்டைகளோடு சேர்ந்தே உதிர்கிறது. புழு தின்பது அதைத்தான். இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் மரியாதையும் ஒன்றாக வருகின்றன. பிறகு அது கூடு கட்டும். கூட்டின் ஒட்டும் பரப்பில் தூசி படிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. தெளிப்பு மருந்தும் பெரும்பாலும் உள்ளே போகாது. சூடு, அதிர்வு, மூச்சுக்காற்று இவற்றை உணரும்வரை மாதக்கணக்கில்கூட அது காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஆள் நுழைந்ததும் காலில் மொய்ப்பது இப்படித்தான்.

ஆகவே நீங்கள் பார்த்த தெள்ளு, பழைய முட்டையிலிருந்து வளர்ந்து புதிதாக ஏறியதாக இருக்கலாம். மருந்து வேலை செய்தாலும் ஏறிய நொடியிலேயே அது சாவதில்லை. அடுத்த முட்டைகளை இடுவதற்குள் சாகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு மருந்தின் காலக்கெடு முடியுமுன் அடுத்த வேளையை விட வேண்டும். பெரும்பாலான சொட்டு மருந்துகளுக்கு அது ஒரு மாதம். மூன்று மாதம் நிற்பவையும் உண்டு. நீங்கள் ஒரு முறை விட்டு நிறுத்திவிட்டதாகத் தெரிகிறது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடருங்கள்.

உப்புக்கும் அதே நாளில் விடுங்கள், அவனுடைய எடைக்கான அளவில். வெளியே போகாதவன் என்று விட்டுவைத்தால் மிளகு கொண்டுவரும் தெள்ளு அவன்மேல் குடித்தனம் நடத்தும். முடியை வகிர்ந்து, தோல் தெரியும் இடத்தில், நாக்கு எட்டாதபடி மண்டைக்குக் கீழே பிடரியில் விட வேண்டும். முடிமேல் விட்டால் வீண்.

வாக்குவம் கிளீனரைக் கட்டிலடி, சோபா மடிப்பு, சுவரோரம் என்று ஓட்டுங்கள். அதிர்வில் சில கூடுகள் திறந்து தெள்ளு கூடினாற்போலத் தெரியும். அது நல்லதே, கூட்டைவிட்டு வெளியே வந்ததைத்தான் கொல்ல முடியும். பையை உடனே கட்டி வெளியே எறியுங்கள். படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

மறுமொழி: வாசற்படி

நாய் மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் உப்பு சொறிவதே இல்லை. அவன் உடம்பில் தெள்ளு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிக்கு விஷயமும் அப்படியே நிற்கிறது.

பதில்: கடுவன்வீடு

சொறியாததை நம்பாதீர்கள். தெள்ளுச் சீப்பால் வாலடியிலிருந்து முதுகுவரை வாரி, வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். சுற்றிலும் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். பரவாவிட்டால் வெறும் மண். சீப்பில் தெள்ளு அகப்பட்டால் சோப்பு நீரில் முக்குங்கள். நகத்தால் நசுக்குவது வீரம்தான், பாதி தப்பிவிடும்.

மிளகுக்கு ஒவ்வாமை இருக்கலாம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும், வாலடியிலும் தொடையிலும் முடியை நக்கியே உதிர்த்துவிடும். கழுத்தைத் தடவிப் பாருங்கள். சிறுசிறு பொருக்குகள் விரலில் தட்டினால் மறுபடியும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிக்குக்குக் கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். பூனையின் தோல் மிக மெல்லியது, கட்டியோடு சேர்ந்து மேலே எழும்பி வரும். எது முடி, எது தோல் என்று தெரியாமல் வெட்டிவிடுவோம். சின்னச் சிக்கென்றால் அடிமுடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீப்பால் பிரியுங்கள். கட்டியாகிவிட்டதை மருத்துவமனையில் இயந்திரத்தால் மழித்துவிடுவார்கள். குளிப்பாட்டுவதற்கு முன் அது போயிருக்க வேண்டும். நனைந்தால் இன்னும் இறுகும். தெள்ளுக்காகக் குளிப்பாட்டத் தேவையில்லை. சில சொட்டு மருந்துகள் தோலின் எண்ணெயில்தான் பரவுகின்றன, விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. நீள முடிக்காரிக்கு அன்றாடம் சில நிமிடம் வாரினால் போதும். காதுக்குப் பின்புறம், கால் இடுக்கு, வயிறு, இந்த மூன்றையும் தப்பவிடாதீர்கள்.

பதில்: மருந்தகமேசை

கால்நடை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். ஒன்று விடுபட்டது: நாடாப்புழு. தெள்ளின் உடம்பில் அதன் இளநிலை இருக்கும், பூனை நக்கும்போது தெள்ளை விழுங்கினால் குடலில் வளரும். மலவாயில் அரிசி மணிபோல ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான். தெள்ளு மருந்துகள் பலவும் அதைக் கொல்லாது. பிராசிகுவாண்டெல் கலந்த மருந்து தனியாகத் தேவைப்படும். மருத்துவரிடம் போகும்போது இரண்டு பூனைகளின் எடையையும் குறித்துக்கொண்டு போங்கள், அளவு அதைப் பொறுத்துத்தான்.