மனச்சோர்வுப் படிவமும் மதிப்பெண்ணும்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்களைப் பகிருங்கள்

கொண்டலாம்பட்டிக்காரி:

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க பிஎச்க்யூ-9 என்று ஒரு படிவம் உண்டு. உங்களில் பலர் ஏதாவது முகாமில் நிரப்பியிருப்பீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் போனதா, மனசு சோர்ந்து கிடந்ததா, தூக்கம், அசதி, பசி, தன்மேலேயே வெறுப்பு, கவனம், உடம்பு மந்தமாகவோ பதற்றமாகவோ இருந்ததா, கடைசியாகச் செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம். ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (ஏறக்குறைய தினமும்) வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். அமெரிக்காவில் ஸ்பிட்சர், குரோங்கே, வில்லியம்ஸ் மூவரும் பொது மருத்துவர்களுக்காக 1999இல் கொண்டுவந்தது. காசு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதனால் உலகம் முழுக்கச் சுற்றி நம்ம சேலத்துத் தறிப்பட்டறைக்கும் வந்துவிட்டது.

நான் கள ஆய்வாளர். பட்டறை, எஸ்டேட், கல்லூரி என்று எங்கே போனாலும் கையில் இதே தாள்தான். இத்தனை நாள் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ‘இந்த ஊரில் மனச்சோர்வு அதிகம், அந்த ஊரில் குறைவு’ என்று அறிக்கை எழுதுவது ஏமாற்று வேலை. எந்தக் கட்டத்தில் டிக் விழுந்தது, எப்போது கேட்டோம், பக்கத்தில் யார் இருந்தார்கள், இதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்.

ஒரே குடும்பத்து ஆட்கள் இரண்டு பேரைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). அண்ணன் விசைத்தறியில் நைட் ஷிப்ட். ‘தூக்கம் வருவதில் சிரமம் உண்டா?’ என்றால், “பகல்ல படுக்கிறவனுக்கு எப்படிங்க தூக்கம் வரும், பக்கத்து வீட்டுத் தறியும் ஓடுது” என்கிறார். 3. அசதி 3. பசி 2. ‘பேப்பர் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது கவனம் சிதறுகிறதா’ என்ற கேள்விக்குச் சிரித்துவிட்டு, “டிவி முன்னாடி உட்கார்ந்தா தூங்கிடறேன்” என்றார். 2. மற்றதெல்லாம் பூஜ்யம். ஆக 10. படிவத்தின் கணக்குப்படி மிதமான மனச்சோர்வு! மனுஷன் பேரப்பிள்ளையின் காதுகுத்துக்குப் பத்திரிகை கொடுத்துக்கொண்டு சந்தோஷமாகச் சுற்றுகிறார்.

அதே வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றும் தங்கச்சி. நன்றாகச் சாப்பிடுகிறார், படுத்தால் தூக்கம் வருகிறது. ஆர்வமின்மை 2, சோர்வு 2, ‘நான் எதுக்குமே ஆகாதவள்’ 3, கடைசிக் கேள்வியில் 1. மொத்தம் 8. வரம்புக்குக் கீழே. இந்தப் படிவத்துக்கே இன்னொரு கணக்கு முறை இருக்கிறது. அதில் முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாவது பாதி நாளுக்கு மேல் இருந்தால்தான் மேற்கொண்டு பார்ப்பார்கள். அந்த முறையில் அண்ணன் நுழையவே முடியாது. ஆனால் முகாமில் அவசரத்தில் கூட்டல் மட்டும்தான் நடக்கிறது. கடைசிக் கேள்வியில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் என்னவாக இருந்தாலும், அன்றைக்கே தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அந்தத் தங்கச்சியிடம் நான் பேசினேன். இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

நிரப்பியவர்கள், நிரப்ப வைத்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். ஆளை அடையாளம் காட்டாமல்.

நாகலூர் மிளகு:

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர் குடியிருப்பு) ஒரு குழுவோடு கூடப் போயிருக்கிறேன். தானாக நிரப்பும் படிவம் என்று பேர். இங்கே வயசானவர்களில் பாதிப்பேருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆகவே நாம்தான் வாசிக்க வேண்டும். வாசிக்கிற ஆளைப் பார்த்துப் பதில் மாறுகிறது. மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்த வீட்டு வரிசையில் அத்தனை பேருக்கும் பூஜ்யம். ‘வேலைக்கு லாயக்கில்லைனு எழுதிடுவாங்களோ’ என்ற பயம். அடுத்த வரிசையில், ஏதோ உதவித்தொகைக்குக் கணக்கெடுக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, எல்லாருக்கும் எல்லாமே 3. இரண்டையும் ஒரே எக்செல் தாளில் போட்டுச் சராசரி எடுத்தார்கள். சராசரி நன்றாகத்தான் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

பருவமும் ஒரு விஷயம். பழம் எடுப்பு நேரத்தில், அதாவது மார்கழி தை மாசத்தில், கேட்டால் அசதி எல்லாருக்கும் 3. குளிரில் விடியற்காலை எழுந்து, சரிவில் கூடையோடு நின்று, கிலோவுக்கு இவ்வளவு என்று பறிக்கிற ஆளிடம் ‘சக்தி இல்லாதது போல் இருந்ததா’ என்று கேட்டால் என்ன சொல்வார்? அதே ஆளை மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும், மனசைப் பற்றிய கேள்விகளில் எண் ஏறும்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா செய்ததை மட்டும் நான் எங்கே போனாலும் சொல்வேன். ‘பல நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், ஏறக்குறைய தினமும்’ என்ற மூன்றும் மலைக்காரப் பாட்டிகளிடம் எடுபடவில்லை. கேள்வி கேட்டால் கதை வரும், எண் வராது. அக்கா மடியிலிருந்து பதினாலு புளியங்கொட்டையை எடுத்துப் பாயில் பரப்பினார். “போன சந்தைக்கு முந்தின சந்தையில இருந்து இன்னிக்கு வரைக்கும் இத்தனை நாளும்மா. மனசு கெட்டுக் கிடந்த நாளை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றார். ஒரு பாட்டி ஒவ்வொரு கொட்டையாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். “அன்னிக்கு மவ வந்திருந்தா.” பதிமூன்று. ஏறக்குறைய தினமும், 3. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அம்மாபேட்டை நர்ஸ்:

பிரசவமான பெண்களுக்கு நாங்கள் எடின்பரோ படிவம் பயன்படுத்துகிறோம். காக்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1987இல் வெளியிட்டது. பத்துக் கேள்வி, போன ஏழு நாளைப் பற்றி, மொத்தம் 30. இதைச் செய்தவர்கள் புத்திசாலிகள். ‘தூங்கினீர்களா, அசதியா’ என்று மொட்டையாகக் கேட்கவில்லை. கைக்குழந்தைக்காரி எவள் தூங்கினாள்? ‘தூங்க முடியாத அளவுக்கு மனக்கஷ்டமா’ என்று சுற்றிவளைத்துக் கேட்கும்.

இங்கிலாந்தில் 13 என்று வைத்த வரம்பை அப்படியே இங்கே தூக்கி வைப்பது சரியில்லை. வேலூர்ப் பக்கம் தமிழ்ப் படிவத்தைச் சரிபார்த்தபோது அதைவிடக் குறைந்த எண்தான் பொருந்தி வந்தது. நம்ம பொண்ணுங்க அடக்கித்தான் டிக் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம்தான்.

என் பிரச்சினை மாமியார்கள். பெண் வாயைத் திறப்பதற்குள், “அவளுக்கென்ன குறை, ராணி மாதிரி வச்சிருக்கோம்” என்று பதில் வந்துவிடும். தாய் வீட்டில் கேட்டால் அம்மா அதையே வேறு மாதிரி சொல்வார். நான் இப்போது எடை பார்க்கிற சாக்கில் பெண்ணை உள் ரூமுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, தாளைக் கையில் கொடுத்து, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். வாயால் சொல்லாததைப் பேனா சொல்லிவிடும். வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில், மகனை எதிர்பார்த்து மகள் பிறப்பதும், மாமியாரோடு ஒத்துப்போகாததும், வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாததும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான காரணிகளில் வந்தன. அந்த மாமியாரே பக்கத்தில் நின்றால் யார் என்ன சொல்லுவாள், சொல்லுங்கள்.

ஓமலூர் இன்ஜினியரிங்:

எங்கள் காலேஜில் கூகுள் ஃபார்மில் வந்தது. ரோல் நம்பர் கட்டாயம். மொத்த வகுப்பும் பூஜ்யம் போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போனோம். அடுத்த செமஸ்டரில் பெயர் வேண்டாம் என்றார்கள். பசங்க உண்மையை எழுதினார்கள், சில பேர் விளையாட்டுக்கு எல்லாவற்றிலும் 3 போட்டார்கள். கடைசிக் கேள்வியில் நிஜமாகவே டிக் போட்டவன் எவன் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

கொண்டலாம்பட்டிக்காரி:

@ஓமலூர், இது எனக்கு ரொம்பக் கோபம் வரும் விஷயம். பெயர் தெரியாமல் எடுக்கிற சர்வேயில் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொன்னவரைத் தேடிப்போக ஆள் வேண்டும். அதற்காகவே பிஎச்க்யூ-8 இருக்கிறது, அந்த ஒரு கேள்வி மட்டும் கிடையாது. வரம்பு அதே 10. பெரிய கணக்கெடுப்புகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம்ம ஊர்க் கல்லூரிகளில் இது தெரியாமல் இருப்பதற்கு மன்னிப்பே கிடையாது.

@நாகலூர், புளியங்கொட்டையை நாளையிலிருந்து நானும் வைத்துக்கொள்கிறேன்.

அஸ்தம்பட்டி பேரன்:

எங்கள் ஆயாவுக்கு முதியோர் படிவம் போட்டார்கள். ஜிடிஎஸ்-15, யெசவேஜ் என்பவர் குழு செய்தது. ஆமாம், இல்லை என்றால் போதும், அந்த வகையில் சுலபம். உடம்பு வலி, பசி, தூக்கம் பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், வயசானால் அதெல்லாம் இருக்கத்தானே செய்யும்.

ஆனால் பாருங்கள். ‘வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா?’ ஆயாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஆமாம் என்றார், ஒரு புள்ளி. ‘மற்றவர்கள் பெரும்பாலும் உங்களைவிட நன்றாக இருக்கிறார்களா?’ “பின்ன? எதிர் வீட்டுக்காரன் மூணு மாடி கட்டிட்டான்.” இன்னொரு புள்ளி. ‘உடம்பில் தெம்பு நிறைய இருக்கிறதா?’ என்றதற்கு, கேட்ட பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். ‘உயிரோடு இருப்பது அருமை என்று நினைக்கிறீர்களா?’ “அதை அவன்கிட்டக் கேளு” என்று சாமி படத்தைக் காட்டினார். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

எல்லாம் சரி. அப்போ இந்தப் படிவமே வேஸ்ட்டா? சென்னையில் 15 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று ஒரு இடத்தில் படித்தேன், தேசிய அளவில் 2.7 என்று இன்னொரு இடத்தில். எதை நம்புவது?

கொண்டலாம்பட்டிக்காரி:

வேஸ்ட் இல்லைங்க. இரண்டும் வேறு வேறு கேள்விக்கு வந்த பதில்கள். சென்னையில் 25,000க்கு மேற்பட்டவர்களிடம் பிஎச்க்யூ படிவத்தைக் கொஞ்சம் மாற்றி, 12 கேள்வியாக்கிக் கேட்டார்கள். 2009இல் வெளியானது, 15.1 சதவீதம். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் நோயைக் கண்டறியும் நேர்முகப் பேட்டி நடத்தினார்கள். அந்த நேரத்தில் மனச்சோர்வு நோய் இருந்தவர்கள் 2.7 சதவீதம். ஊர் வேறு, ஆட்கள் வேறு, கருவி வேறு. படிவம் எப்போதும் வலையை அகலமாகத்தான் வீசும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பிஎச்க்யூ-9 வரம்பைத் தாண்டியவர்கள் 24.6 சதவீதம், அதே ஆட்களைப் பேட்டி கண்டபோது நோய் உறுதியானது 12.1 சதவீதம். ஏறத்தாழ பாதி. ஆகவே யாராவது ‘சேலத்தில் இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு’ என்று சொன்னால் முதலில் எதை வைத்து அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

படிவத்தில் எனக்குப் பிடித்தது கூட்டலில் சேராத கேள்வி. ஒன்பது கேள்விகளுக்கும் கீழே, ‘இந்தத் தொந்தரவுகளால் வேலை செய்வது, வீட்டைக் கவனிப்பது, மற்றவர்களோடு பழகுவது எவ்வளவு சிரமமாக இருந்தது?’ என்று ஒன்று இருக்கும். பாதிப்பேர் கேட்பதே இல்லை. கொலுசுப் பட்டறையில் வெள்ளியைப் பற்றவைக்கும் வேலை செய்கிற ஒருவர் எல்லாவற்றுக்கும் 1, 1 என்று சொல்லிக்கொண்டு வந்து, இந்தக் கேள்வியில் மட்டும், “பத்து நாளா பத்தவைக்கவே உட்காரலைங்க, ஓனர் ஆள் விட்டுட்டாரு” என்றார். அவருக்குக் கூட்டல் சொல்லாததை அது சொன்னது.

புதிய உறுப்பினர்:

இதையெல்லாம் படித்துவிட்டு நானே பிஎச்க்யூ-9ஐ ஆன்லைனில் போட்டுப் பார்த்தேன். 14 வருகிறது. முதல் இரண்டும் 2, 2. கடைசிக் கேள்வி 0. எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பேன். இது சர்க்கரையா, மனசா?

அம்மாபேட்டை நர்ஸ்:

தூக்கமும் அசதியும் சர்க்கரையால் இருக்கலாம்ங்க. ஆனால் முதல் இரண்டும் 2 என்றால் சர்க்கரைமேல் பழி போட்டு விட்டுவிட முடியாது. 10 முதல் 14 வரை மிதமானது என்று வகை. நோய் என்று முடிவு செய்ய இது போதாது, யாராவது உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் நேரத்தோடு போங்கள். சர்க்கரை நோட்டு, மாத்திரைச் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் கையில் இருக்கட்டும். ரத்தசோகை, தைராய்டு பார்க்கவில்லை என்றால் அதையும் பார்க்கச் சொல்வார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. கடைசிக் கேள்வியின் பதில் எப்போதாவது மாறினால் நேரம் பார்க்காமல் அடியுங்கள்.

புதிய உறுப்பினர்:

சரிங்க. அந்த ஆன்லைன் தாளைப் பிரிண்ட் எடுத்துப் போகட்டுமா?

கொண்டலாம்பட்டிக்காரி:

எடுத்துப் போங்க. மொத்தம் எழுதிய இடத்தை மடித்துவிட்டு ஒன்பது கட்டத்தையும் காட்டுங்கள். எத்தனை நாளாக, எப்போதிலிருந்து என்பதைப் பக்கத்தில் கையால் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும்போது மறந்துபோகும்.