புதுப்பிப்பு: இரவுப் பணியை விடலாமா என்று கேட்டிருந்தேனே

காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது இங்கே அப்படிக் கேட்டேன். விட்டுவிட்டேன்.

ஆறு மாத மருந்து முடிந்தது: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து நான் பதறியது தனிக்கதை. அரசு தந்த மாதம் 1,000 ரூபாய் முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் போனது. எடை 43 கிலோவிலிருந்து 51 ஆகியிருக்கிறது.

இப்போது தாம்பரம் அருகே ஒரு நாற்றுப் பண்ணையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் பாதிகூட இல்லை. அப்பாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கடன் எதுவும் இல்லாததால்தான் இது முடிந்தது, வீரம் ஒன்றும் இல்லை. இரவு பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறேன்!

"அவசரப்படாதே தம்பி" என்று அப்போது இங்கே பதில் எழுதிய அண்ணனுக்கு: நீங்கள் சொன்னபடி, மருத்துவக் காப்பீட்டைத் தனியாக எடுத்த பிறகே ராஜினாமா கொடுத்தேன். ஏற்கெனவே வந்த நோய்க்கு மட்டும் காப்பீடு கிடைக்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டுமாம்.